அம்பாஸிடருக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்!

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, அப்புறம் 1989 மாடல் அம்பாஸிடர். இந்த வரிசையை என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். "முதல்ல காரு, அடுத்து நீங்க, மிச்சம் மீதி இருந்தா நான்" என்பாள்.

வாசம் மண்டபத்தில். ஒரு பக்கம் பாக் ஜலசந்தி, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் உப்பைத் தூக்கிக்கொண்டுதான் வரும். கேட்டுக்குப் போட்ட பூட்டு அடுத்த தீபாவளிக்கும் திறந்தால் எங்கள் தெருவில் அது ஒரு செய்தி!

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பல வருஷம் என்ன செய்தேன் தெரியுமா? மைலேஜ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நீளமான நோட்டு. பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், ஓடிய கிலோமீட்டர், எல்லாம் பைசா சுத்தமாக. பிளக் இடைவெளி பார்ப்பேன், ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டுவேன், டயரில் காற்று சரியா என்று வாரம் ஒருமுறை பார்ப்பேன். தப்பில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாசம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 10 கொடுக்கிற வண்டியை 11 கொடுக்க வைத்தால் மிச்சமாவது மூன்று லிட்டர்கூட இல்லை. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம்.

காரின் தரையைத் துரு தின்று, டிங்கர் வேலைக்கு நான் எண்ணி வைத்தது 18,000 ரூபாய். அஞ்சு வருஷ மைலேஜ் மிச்சம் ஒரே மத்தியானத்தில் அம்பேல்!

அந்தக் கதை 2018-ல் ஆரம்பம். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் "அடியில அண்டர்கோட்டிங் அடிச்சிட்டா பத்து வருஷம் பாக்கவே வேணாம் ஸார்" என்றார்கள். அடித்தார்கள். இருக்கிற துருவைச் சுரண்டாமல், காயவைக்காமல், அதன் மேலேயே கறுப்பாக ஒரு பூச்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே ஈரமும் உப்பும் பத்திரமாக மாட்டிக்கொண்டன. இரண்டே வருஷத்தில் எங்கள் ஊர் மெக்கானிக் பாய் கீழே படுத்து ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினார். அது நேராக வந்து என் செருப்பைத் தொட்டது.

"அண்ணே, இது காரா, சல்லடையா?"

பாய்தான் எனக்கு உப்பின் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்தவர். மழை பெய்தால்தான் இரும்பு நனையும் என்று நினைக்கக் கூடாதாம். காற்றில் ஈரம் முக்கால் பங்கைத் தாண்டினாலே, ஒட்டியிருக்கிற உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். ராத்திரி முழுக்க வண்டி உப்புத் தண்ணீரில் ஊறுகிற மாதிரிதான். 1948-ல் அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள், அரிப்பைப் பற்றி ஆராய உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் காயப்போட எங்கள் மண்டபத்தைத் தேடி வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் துண்டு துண்டாக வைத்தார்கள். நான் முழு காரையே வைத்திருக்கிறேன்!

இவ்வளவு தெரிந்தும் புத்தி வந்ததா? அதுதான் இல்லை. தரைத் தகடு வேலை முடிந்த கொஞ்ச நாளில் பாய், "பிரேக் பைப்பு எல்லாம் செதில் செதிலா உரியுது. மொத்தமா மாத்திடுவோம். நாலாயிரம் ஆகும்" என்றார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் பாய்" என்றேன். அந்தக் காசில் புது ஸீட் கவர் போட்டேன். மெரூன் கலர்.

2023 மே மாதம். லீவுக்கு வந்திருந்த பேரனையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்பினேன். பாம்பன் ரோடு பாலம் 1988-ல் திறந்தது. கீழே கப்பல் போவதற்காக நடுவில் உயர்ந்து அந்தப் பக்கம் இறங்கும். உச்சி தாண்டி இறங்குகிறோம். முன்னால் டூரிஸ்ட் பஸ் ஒன்று, கடலைக் காட்ட நட்ட நடுவில் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன். கால் நேராகத் தரைக்குப் போனது. மறுபடி மிதித்தேன். பஞ்சு மெத்தை.

கியரை இரண்டாவதுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றதோ என்று தோன்றியது. பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் எங்கள் பம்பருக்கும் ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. பேரன் கை தட்டி, "தாத்தா, இன்னொரு தடவை!" என்றான். என் மனைவி ஒன்றுமே பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் அந்த மௌனத்தின் எடை தெரியும்.

துரு தின்ற பைப் வெடித்து ஆயில் மொத்தமும் ஒழுகியிருந்தது. பைப்புகளோடு பிரேக் ஆயிலையும் மாற்றினோம். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கக் கூடியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்போது பைப்புகளை ஆறு மாசத்துக்கு ஒருமுறை துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்கிறோம். ஸீட் கவரைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி மெதுவாகத் தொண்டையைக் கனைப்பாள்.

சரி, உப்புக்கு என்னதான் மருந்து? கழுவுவதுதான். மேலே அல்ல, அடியில். சக்கரத்து வளைவுக்குள், கதவுக்குக் கீழே, சைலன்ஸர் பக்கம். அங்கேதான் சிக்கல். ராமநாதபுரம் ஜில்லாவில் போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். நான் வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி, உப்பைக் கழுவுவதாக நினைத்து உப்பால் அபிஷேகம் செய்துகொண்டிருந்தேன். ரேடியேட்டரிலும் அதையேதான் ஊற்றினேன். இப்போது கூலன்ட்.

நல்ல தண்ணீர் என்றால் காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாயில் வருவது. "குடத்தோட நிக்கிற பொம்பளைங்க முன்னாடி அந்தத் தண்ணியில காரைக் குளிப்பாட்டுவீங்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே ஓர் ஒப்பந்தம்: மொட்டைமாடி மழைத்தண்ணீர் காருக்கு. அதிலும் அரிசல்முனைக்குப் போய் வந்த அன்று மட்டும் அடியில் ஒரு குடம், மற்ற நாளில் ஈரத்துணியால் துடைப்பது. 2017-ல் அதுவரை ரோடு திறந்ததிலிருந்து வருகிற விருந்தாளி அத்தனை பேரும் தனுஷ்கோடி பார்க்காமல் போவதில்லையே!

இன்னும் சில. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. மண் அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். தரையில் தேங்காய் நார் மேட் வேண்டாம், ஈரத்தை விடாது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது புழுக்கத்தைத்தான் கூட்டும். பனை ஓலைக் கொட்டகையே உத்தமம். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசும் வழக்கம் உண்டு. அது ரப்பரைக் கெடுக்கும், மண்ணையும் கெடுக்கும். கிரீஸ் போதும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்தவை அல்ல. மாற்றிவிட்டேன்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். 1914-ல் திறந்தது, 2022 டிசம்பரில்தான் ரயில் நின்றது. இந்த உப்புக்காற்றில் 108 வருஷம், விடாமல் பெயின்ட் அடித்தே! 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் விசேஷப் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. வேறு அம்பாஸிடரும் வாங்க முடியாது, 2014-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

2024-ல் ஆர்.ஸி.யை ஐந்தாவது தடவையாகப் புதுப்பித்தேன். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 5,000. 2025-ல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த முறை 2029-ல்.

"அப்ப வித்துடலாமா?" என்று மனைவியிடம் ஆழம் பார்த்தேன். அவள் பதில் சொல்லவில்லை. அன்று சாயந்திரம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால், இரண்டு அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறாள்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உங்க மூத்த தாரத்துக்கு!"