ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

மக்களே, ரிவ்யூ வாரத்தில்தான் லேப்டாப்புக்கும் காய்ச்சல் வரும். ராத்திரி அப்டேட் ஆகிறது, காலையில் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. மேற்கு தாம்பரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் பதில் ஒன்றுதான்: "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு தம்பி, ஃபார்மேட் அடிச்சிடலாம். டேட்டா பத்திரமா எடுத்துத் தர்றேன்."

டேட்டா வந்துடும், சரி. மேட்லேப் லைசென்ஸ்? பல ஜிபி இறக்கிப் போட்ட விவாடோ? ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம ஒருவழியா செட் பண்ணின பைத்தான் லைப்ரரிகள்? ஆர்டுயினோ போர்டுக்குப் போட்ட டிரைவர்? அதெல்லாம் 'டேட்டா' கணக்கில் வராது. ஹாஸ்டல் வைஃபையில் இதையெல்லாம் திரும்ப இறக்கி முடிப்பதற்குள் ரிவ்யூவே முடிந்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. ஃபார்மேட் போட்டால் எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று அவரால் சொல்ல முடியும், ரிப்பேரில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஆனால் நம்ம லேப்டாப்புக்கு நாம் நேரம் ஒதுக்கலாமே!

பெரும்பாலும் கெட்டுப்போவது சி டிரைவில் உள்ள விண்டோஸ் ஃபோல்டர் மட்டும்தான். நாம் போட்ட புரோகிராம்கள் வேறு ஃபோல்டரில், நம்ம ஃபைல்கள் இன்னொரு ஃபோல்டரில் இருக்கின்றன. ரிப்பேர் இன்ஸ்டால் புதிய விண்டோஸ் ஒன்றை இறக்கி, பழையதை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குத் தள்ளி, புரோகிராம்களையும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள செட்டிங்ஸையும் புதியதோடு இணைத்துவிடும். சாமானையெல்லாம் ஓரமா ஒதுக்கி வச்சிட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. எக்ஸ்பி காலத்தில் சிடி போட்டு பூட் செய்து, 'ஆர்' கீயை அழுத்தினாலே இது நடக்கும். விஸ்டாவிலிருந்து அந்த வழி அடைபட்டது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு உள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். பென்டிரைவில் பூட் செய்து இன்ஸ்டால் பண்ணினால் புரோகிராம்கள் போச்சு.

முதலில் சின்ன வைத்தியம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த்தையும், அது முடிந்ததும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்வையும் ஓட்டுங்கள். பாதிப் பிரச்சனை இதிலேயே தீரலாம். தீரவில்லையா? விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் 'ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்று ஒன்று இருக்கும். 'ரீஇன்ஸ்டால் நவ்' கொடுத்தால் ஆப், ஃபைல், செட்டிங்ஸ் எதையும் தொடாமல் விண்டோஸை மட்டும் புதுசாகப் போடும்.

செட்டிங்ஸே திறக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, டபுள் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். கடைசித் திரையில் 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அது மங்கலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஐஎஸ்ஓவின் மொழியோ எடிஷனோ வேறாக இருக்கும், இல்லை உங்க விண்டோஸை விட அது பழைய பதிப்பாக இருக்கும். சரியானதை இறக்கிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

நிறைய பேர் ஏமாறுவது 'ரீசெட் திஸ் பிசி'யில்தான். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று ஆசை காட்டும். ஃபைல்கள் இருக்கும், ஆனால் நீங்கள் இன்ஸ்டால் பண்ணின புரோகிராம்கள் எல்லாம் காலி. நீக்கியவற்றின் பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும், ஆறுதலுக்கு!

சரி, விண்டோஸ் பூட்டே ஆகவில்லை என்றால்? அப்பவும் ஃபார்மேட் முதல் மருந்து இல்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னது. நம்ம மீனம்பாக்கம் உட்பட விமான நிலையங்களில் செக்-இன் தடுமாறியது. தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு வகை ஃபைலை நீக்குவது. உங்க லேப்டாப்புக்கும் அதே பாதைதான்: சேஃப் மோடில் போய் வம்பு செய்யும் டிரைவரை எடுங்கள், அல்லது ரெகவரி திரையிலிருந்து கடைசி அப்டேட்டை நீக்குங்கள். டெஸ்க்டாப் வந்ததும் ரிப்பேர் இன்ஸ்டால்.

அன்றைக்கு பல நிறுவனங்களை இழுத்தடித்தது இன்னொரு விஷயம்: பிட்லாக்கர். டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் உள்ளே போக முடியாது. புது விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் நமக்குத் தெரியாமலே இது ஆன் ஆகியிருக்கலாம். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் கீ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, நோட்டில் எழுதி வையுங்கள். கீ கையில் இருந்தால் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்தும் ஃபைல்களை வெளியே எடுக்கலாம். உபுண்டுதான் வேண்டும் என்றில்லை, அரசு இலவச லேப்டாப்பில் அண்ணன் அக்காக்கள் பார்த்த பாஸ் லினக்ஸும் போதும். சென்னை சி-டாக்கில் உருவானதுதான் அது.

ரிப்பேர் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளும் என்றால், வைரஸையும் சேர்த்துத்தான். கிராக் சாஃப்ட்வேர் போட்டு சிஸ்டம் நாறிக் கிடந்தால் ஃபார்மேட்தான் நல்லது. ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ சாகக் கிடந்தால் எந்த ரிப்பேரும் நிற்காது. முதலில் காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

தொடங்கும் முன் புராஜெக்ட் ஃபோல்டரை வெளியே ஒரு காப்பி எடுங்கள். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக வையுங்கள். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். உங்க ஏரியாவில் அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு மின்தடை இருக்கான்னு பேப்பரில் ஒரு பார்வை பாருங்கள்.

முடிந்ததும் 'டிஸ்க் க்ளீனப்' ஓட்டி விண்டோஸ்.ஓல்டை உடனே அழிக்காதீர்கள். பழைய நிலைக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் அதில்தான் இருக்கிறது. முதலில் புராஜெக்ட்டைத் திறந்து ஒரு தடவை ரன் பண்ணிப் பாருங்கள், போர்டு கனெக்ட் ஆகுதான்னும் பாருங்கள்.