விளையாட்டு இராட்டினமும் விலகாத பொறுப்பும்

முன்னுரை

திருவிழா என்றதும் குழந்தைகளின் நினைவுக்கு வருவது இராட்டினம். குடை இராட்டினமும் தொட்டில் இராட்டினமும் நாம் அறிந்தவை. இவற்றின் அண்ணன் என்று சொல்லத்தக்கது மேல்நாட்டுப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஓடும் 'ரோலர் கோஸ்டர்'. தண்டவாளத்தின் மீது ஒரு சிறு தொடர்வண்டி. அதைச் சங்கிலியால் இழுத்து மலைபோன்ற உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அதன்பின் தன் எடையாலேயே அது பாய்ந்து இறங்கும்.

கால் இழந்தவர், கை இல்லாமல் பிறந்தவர், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர் இதில் ஏறலாமா? கூடாது என்றால் அதை முடிவு செய்பவர் யார்? ஏறியபின் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? அமெரிக்க நாட்டில் இவ்வினாக்கள் உயிரிழப்பிலும் வழக்கிலும் சென்று முடிந்திருக்கின்றன. அவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு வீரரின் மரணம்

நியூயார்க் மாநிலத்தில் டேரியன் லேக் என்னும் பூங்கா உள்ளது. அங்கே 208 அடி உயரமுள்ள 'ரைட் ஆஃப் ஸ்டீல்' என்ற ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. 2011 ஜூலை 8 அன்று 29 வயதுள்ள ஒருவர் தம் குடும்பத்தாருடன் அங்கு வந்தார். அவர் ஈராக் போரில் 2008-ஆம் ஆண்டு சாலையோரக் குண்டுவெடிப்பில் இரு கால்களையும் இழந்த படைவீரர். சக்கர நாற்காலியில் வந்த அவர் வண்டியில் ஏறி அமர்ந்தார். ஓடும் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார்.

மாநிலத் தொழிலாளர் துறை ஆராய்ந்தது. இயந்திரத்தில் பழுது இல்லை. 'இரு கால்களும் உள்ளவரே ஏறலாம்' என்ற விதி அங்கே ஏற்கனவே இருந்தது. இயக்கிய ஊழியர்கள் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதே துறையின் முடிவு.

உடல் ஏன் எழும்புகிறது?

அந்த விதியின் காரணத்தை இயற்பியல் விளக்குகிறது. வண்டி ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டிச் சட்டென்று கீழே வளைகிறது. நம் உடலோ நியூட்டனின் முதல் விதிப்படி, சென்றுகொண்டிருந்த திசையிலேயே செல்ல முயல்கிறது. வண்டி தாழ, உடல் இருக்கையை விட்டு எழும்புகிறது. வயிற்றில் ஏதோ கூசுவது போன்ற உணர்ச்சி அப்போது தோன்றுவதே. பலர் பணம் கொடுத்து ஏறுவதும் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

அந்நொடியில் நம்மைக் காப்பது மடியின்மேல் இறங்கும் ஓர் இரும்புத் தண்டு. அது தொடைகளை இருக்கையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே தொடைதான் இங்கே பூட்டின் ஒரு பாதி. மேலும், ஒரு கால் உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இரு கால்களும் இல்லாதபோது மூன்றில் ஒரு பங்கு எடை குறைகிறது. எஞ்சிய உடலின் ஈர்ப்பு மையம் மேல்நோக்கி நகர்கிறது. தண்டு பிடிப்பதற்கு இடமும் இல்லை; உடலின் பளுவும் தண்டுக்கு மேலே நிற்கிறது. கைவலிமையால் இதை ஈடுசெய்ய இயலாது.

இவ்விதி யாரையும் இழிவுபடுத்த எழுந்ததன்று. பூட்டின் அமைப்பிலிருந்தே பிறந்தது. ஆனால் அதைக் காக்க வேண்டியவர் நிலை என்ன? அமெரிக்கப் பூங்காக்களில் இப்பணிக்குப் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வரும் இளைஞர்களே அமர்த்தப்படுகின்றனர். நாட்டுக்காகக் கால்களை இழந்து வந்தவரிடம், நீண்ட வரிசை பார்த்துக்கொண்டிருக்க, "உங்களை ஏற்ற முடியாது" என்று சொல்ல யாருக்கு நா எழும்? ஆயினும் இரக்கத்தால் தளர்த்தப்படும் பூட்டு இரக்கமாகாது. அந்தச் சொல்லைச் சொல்லும் துணிவையும் பயிற்சியையும் ஊழியருக்கு அளிப்பது நிர்வாகத்தின் கடமை.

நாணயத்தின் மறுபக்கம்

அப்படியானால் ஐயம் வரும்போதெல்லாம் 'கூடாது' என்று பலகை மாட்டிவிடலாமே என்று சிலர் எண்ணலாம். அதுவும் தவறே. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களை நடத்துவோர் பாதுகாப்பு விதிகள் வகுக்கலாம் என்று அதன்கீழ் அமைந்த ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஆனால் அவ்விதிகள் உண்மையான ஆபத்தைச் சார்ந்திருக்க வேண்டும். ஊகத்தையோ, ஊனமுற்றோரைப் பற்றிய பொதுவான எண்ணங்களையோ சார்ந்திருத்தல் ஆகாது.

இதை உரைத்துப் பார்த்த வழக்கு ஒன்று ஃபுளோரிடா மாநிலத்தில் எழுந்தது. ஒரு கை இல்லாமல் பிறந்தவருக்கு, ஆர்லாண்டோ நகரின் வால்கேனோ பே நீர்ப்பூங்காவில் ஒரு சறுக்குப் படகில் இடம் மறுக்கப்பட்டது. அவரால் உண்மையில் ஆபத்து நேரும் என்பதன்று நிறுவனத்தின் வாதம். உற்பத்தியாளரின் விதிகளைப் பின்பற்றுமாறு மாநிலச் சட்டம் சொல்கிறது, நாங்கள் பின்பற்றினோம் என்பதே அதன் வாதம். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கூட்டாட்சிச் சட்டம் கேட்பது உண்மையான ஆபத்தை; மாநிலச் சட்டத்தைக் காட்டி அதிலிருந்து விலக முடியாது என்று கூறி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் காரணமுள்ள விதி கைவிடப்பட்டது. ஓர் உயிர் போயிற்று. பின்னதில் காரணம் காட்டப்படாத விதி கைக்கொள்ளப்பட்டது. ஒருவரின் உரிமை போயிற்று. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பூட்டு இந்த உடலைப் பிடிக்குமா?

பொறுப்பின் நான்கு கண்ணிகள்

இக்கேள்விக்கு விடை கூற வேண்டியோர் நால்வர். முதலாமவர் வடிவமைக்கும் பொறியாளர். எந்த உடலை மனத்தில் கொண்டு பூட்டை அமைத்தார், யாரை அது பிடிக்காது என்பதை அவரே அறிவார். சோதித்து எழுதித் தருவது அவர் கடமை. இரண்டாமவர் பூங்காவின் உரிமையாளர். விதியோடு அதன் காரணத்தையும் எழுதி வைப்பதும், ஏறுவோர் வரிசையில் நிற்பதற்கு முன்பே அறியச் செய்வதும் அவர் பொறுப்பு. மூன்றாமவர் இயக்குபவர், நான்காமவர் ஏறுபவர். தம் உடலின் நிலையை மறைக்காமல் சொல்வது ஏறுபவரின் பங்கு. ஆனால் பூட்டின் இரகசியத்தை அவர் அறியார். அறியாதவர் துணிந்தார் என்பதால் அறிந்தவரின் பொறுப்பு நீங்கிவிடாது.

இந்நால்வருக்கும் மேலே அரசு உண்டு. ஆனால் அமெரிக்காவில் நிலையான பூங்காக்களின் இராட்டினங்கள் 1981 முதல் நடுவண் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. அவை மாநிலங்களின் கையில் உள்ளன. ஃபுளோரிடாவிலோ, ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய பூங்காக்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள விடப்பட்டுள்ளன.

அம்மாநிலத்தில் 2025 செப்டம்பர் 17 அன்று, முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் வாழ்ந்த 32 வயது இளைஞர் ஒருவர் 'எபிக் யுனிவர்ஸ்' பூங்காவில் ரோலர் கோஸ்டரில் சென்றபோது படுகாயமுற்று இறந்தார். இயந்திரம் சரியாகவே இயங்கியது, ஊழியரும் முறைப்படி நடந்தனர் என்று நிறுவனம் அறிவித்தது. அவ்வாறே கொண்டாலும் வினா அடங்கவில்லை. எல்லாரும் விதிப்படி நடந்தும் ஓர் உயிர் போகுமானால், அந்த விதியையே மீண்டும் அளந்து பார்க்க வேண்டாமா?

முடிவுரை

மாற்றுத்திறனாளி இரக்கத்துக்கும் அச்சத்துக்கும் உரியவர் அல்லர். உண்மையைக் கேட்டறிய உரிமையுள்ளவர். "இந்தப் பூட்டு தொடையைப் பிடித்து நிறுத்துவது; ஆகவே உங்களைக் காக்காது" என்று காரணத்தோடு சொல்வது அவரை மதிப்பதாகும். காரணமின்றி மறுப்பதும், காரணம் அறிந்தும் ஏற்றுவதும் அவரை மதியாமையே. நாளை பொறியாளராகவும் அதிகாரியாகவும் வழக்கறிஞராகவும் வரவிருக்கும் மாணவர்கள், ஒரு விதியை எழுதும்போதோ காக்கும்போதோ அதன் காரணத்தை முதலில் கேட்டறியட்டும். பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.