திக்கித் திணறும் டிவிடி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் இன்றும் ஒரு கட்டு டிவிடி வட்டுகள் இருக்கும். அவற்றுள் சில, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாங்கிய திரைப்படங்கள். மற்றவை எந்தக் கடையிலும் கிடைக்காதவை: அக்காளின் திருமணம், தங்கையின் பரதநாட்டிய அரங்கேற்றம், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். ஒளிப்பதிவாளர் அன்று கொடுத்த அந்த ஒரு வட்டைத் தவிர வேறு பிரதி பெரும்பாலும் இருக்காது.

தொலைக்காட்சியோடு இணைத்திருந்த டிவிடி பெட்டி பழுதானதும், வீட்டிலுள்ள பழைய கணினியில் வட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். அக்கணினியில் லினக்ஸ் இருக்கக்கூடும். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த இயங்குதளம் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினிகளிலும் ஓடுகிறது. மலேசிய அரசாங்கமும் 2004-ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. கணினி ஓடுகிறது, படம்தான் ஓடவில்லை. நாதசுர ஒலி விட்டு விட்டுக் கேட்கிறது. தாலி கட்டும் கை நடுவில் நின்று, பின் ஒரே தாவலில் முடிச்சுக்குப் போய்விடுகிறது.

கோளாறு கணினியிலா, வட்டிலா? கணினியில் என்றால் அவசரமில்லை, அமைப்பைத் திருத்தலாம். வட்டில் என்றால் ஒவ்வொரு நாளும் முக்கியம். இதனை அறியாமல் புதுக் கணினி வாங்க லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்புவது வீண் செலவு.

முதலில் கணினி செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் பயன்படும் பால் முறையில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் திரையில் தோன்றுகின்றன. ஒவ்வொரு படத்திலும் 720 பெருக்கல் 576, அதாவது 414,720 புள்ளிகள் உள்ளன. அவற்றை அப்படியே சேமித்தால் ஒரு வட்டில் சில நிமிடக் காட்சி மட்டுமே அடங்கும். ஆகவே, எம்பெக்-2 என்னும் முறையில் படங்கள் சுருக்கப்பட்டு 4.7 கிகாபைட் வட்டில் பதியப்படுகின்றன. கணினி அவற்றைப் படித்து, விரித்து, திரைக்கு அனுப்ப வேண்டும். ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதற்குள் முடியாத படத்தை மென்பொருள் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. நாம் காணும் திக்கல் இதுவே.

படித்தல், விரித்தல், காட்டுதல் ஆகிய மூன்றில் எது தடுமாறுகிறது என்பதைக் கண்டறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரே காட்சியை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தாலே போதும். எப்போதும் ஒரே இடத்தில் படம் தடுமாறினால், அங்கே வட்டில் கீறலோ கறையோ இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தடுமாறினால் கணினியைச் சந்தேகிக்கலாம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு அடுக்கு கொண்ட திரைப்பட வட்டுகளில், ஓர் அடுக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது படம் ஒரு கணம் நிற்கலாம். அது பழுதன்று.

இன்னொரு சோதனையும் எளியதே. குடும்ப வட்டிலுள்ள ஒரு கோப்பை வன்தட்டுக்குப் படியெடுத்து, அங்கிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். படம் தண்ணீர்போல் ஓடினால், விரிப்பதிலும் காட்டுவதிலும் குறையில்லை. வட்டிலோ வட்டகத்திலோதான் சிக்கல். வன்தட்டிலிருந்தும் திக்கினால் வட்டின்மேல் பழிபோட வேண்டியதில்லை. படியெடுக்கும்போதே வட்டகம் முனகிக்கொண்டு நீண்ட நேரம் எடுத்துக்கொண்டால், அதுவும் ஒரு சான்றுதான்.

திரைப்பட வட்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றுள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்னும் மறைகுறிப் பூட்டு உள்ளது. வெறுமனே படியெடுத்தால் படம் சிதைந்துதான் தெரியும். தொடக்கத்தில் இந்தப் பூட்டைத் திறக்க லினக்ஸில் வழியே இல்லை. 1999-ஆம் ஆண்டில் நார்வே நாட்டைச் சேர்ந்த பதினைந்து வயது யோன் லெக் யோகான்சன், வேறு சிலருடன் சேர்ந்து அதைத் திறக்கும் நிரலை வெளியிட்டார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தாம் வாங்கிய வட்டைத் தாம் பார்ப்பது குற்றமாகாது என்ற வாதம் வென்று, 2003-ஆம் ஆண்டில் அவர் விடுதலையானார். எல்லா நாடுகளிலும் சட்டம் ஒன்றுபோல் இல்லை. மலேசியாவில் இத்தகைய பூட்டுகளை உடைப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வட்டார எண் என்பது வேறு ஒரு தடை. மலேசியா மூன்றாம் வட்டாரத்தையும் இந்தியா ஐந்தாம் வட்டாரத்தையும் சேர்ந்தவை. ஆதலால், சென்னையில் வாங்கிய வட்டு இங்குள்ள வட்டகத்தில் ஓட மறுக்கலாம். வட்டகத்தின் வட்டார எண்ணை ஐந்து முறைக்குமேல் மாற்ற இயலாது. குடும்ப வட்டுகளில் இத்தொல்லைகள் எவையும் இல்லை.

பழைய கணினிகளில் திக்கலுக்குப் பெருங்காரணமாக இருந்தது, தரவு பயணம் செய்த வழி. பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை எண்ணிப் பாருங்கள். நண்பகல் கூட்டம். சமையற்காரர் அடுப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு வெங்காயத்திற்கும் தாமே பின்கட்டுக்கு ஓடினால் என்னவாகும்? பொருள் வந்துசேரும், சாப்பாடு வராது. பியோ என்னும் பழைய முறையில், வட்டிலிருந்து வரும் தரவைச் செயலியே சிறிது சிறிதாக எடுத்து நினைவகத்தில் வைக்க வேண்டும். படத்தை விரிக்க வேண்டிய நேரம் சுமை தூக்குவதிலேயே கழிந்துவிடும். நேரடி நினைவக அணுகல் எனப்படும் டிஎம்ஏ முறையில், ஓர் உதவியாளர் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். சமையற்காரர் அடுப்பை விட்டு நகர்வதில்லை.

அக்கால லினக்ஸில் டிஎம்ஏ சில வட்டகங்களுக்கு அணைந்தே இருந்தது. ‘எச்டிபார்ம்’ என்னும் கட்டளையால் அதனை இயக்கியதும் பலருடைய படங்கள் சீராக ஓடின. ஏறக்குறைய 2007-ஆம் ஆண்டு முதல் வந்த லினக்ஸ் பதிப்புகள் இதனைத் தாமே செய்துகொள்கின்றன. புதிய கணினியில் பழைய கட்டளையைத் தட்டிப் பயனில்லை. எனினும், வட்டைப் படிக்கும்போது பிழைகள் தொடர்ந்து வந்தால், லினக்ஸ் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுவதுண்டு. அச்செய்தி அதன் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

‘டாப்’ என்னும் கட்டளை, செயலி எவ்வளவு உழைக்கிறது என்பதைக் காட்டும். சிறிய சாளரத்தில் சீராக ஓடும் படம், முழுத்திரையில் மட்டும் திக்குகிறதா? அப்படியானால் படத்தைப் பெரிதாக்கும் வேலையை வரைகலை அட்டை செய்யவில்லை. அதையும் செயலியே சுமக்கிறது. அட்டைக்கு உரிய இயக்க மென்பொருளை நிறுவினால் போதும். நடனக் காட்சியில் முத்திரை பிடிக்கும் விரல்களின் ஓரம் சீப்புப் பற்கள்போல் தெரிவது திக்கலன்று. வரிகளைப் பின்னிப் பதிவுசெய்ததன் விளைவு. ‘பின்னல் நீக்கம்’ செய்யும் வசதி வி.எல்.சி. போன்ற மென்பொருள்களில் உள்ளது. பாரிசில் மாணவர்கள் உருவாக்கத் தொடங்கிய இந்த வி.எல்.சி.யில், முன்கூட்டியே படித்து வைக்கும் நேரத்தையும் கூட்டலாம். இது சிறு தடைகளை மறைக்கும்; வட்டைக் குணப்படுத்தாது.

எல்லாச் சோதனையும் வட்டையே சுட்டினால், அதை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். வீடுகளில் பதியப்பட்ட வட்டுகள், ஆலையில் அச்சிட்ட திரைப்பட வட்டுகளைப் போன்றவை அல்ல. அவற்றில் தரவைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் படலம். வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அதனைக் கெடுக்கும். நம் நாட்டில் இவை மூன்றுக்கும் குறைவில்லை. மகிழுந்தில் வெயிலில் கிடந்த வட்டின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தரவின் பாதையோடு ஒட்டிச் சென்று பெருஞ்சேதம் விளைவிக்கும். பின்னர், ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவச மென்பொருளால் முழு வட்டையும் வன்தட்டுக்கு மாற்றலாம். சாதாரணப் படியெடுப்பு, பிழை கண்ட இடத்திலேயே நின்றுவிடும். இதுவோ கெட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு, நல்ல பகுதிகளை முதலில் மீட்கிறது. பிறகு திரும்பி வந்து, விட்ட இடங்களைப் பலமுறை முயல்கிறது. எந்த இடம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தனிக் கோப்பில் குறித்தும் வைக்கிறது. ஒரு வட்டகம் படிக்க மறுத்த பகுதியை வேறொரு வட்டகம் படித்துவிடுவதுண்டு. அதே கோப்பைக் கொண்டு, அண்டை வீட்டாரின் கணினியில் விடுபட்ட பகுதிகளிலிருந்தே வேலையைத் தொடரலாம்.