மிதவைப் பாலத்தில் இலகு ரயில்: 1976 ஒப்பந்தமும் 2004 திருத்தமும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரும் பெல்வியூ நகரும் ஓர் ஏரியின் இரு கரைகளில் உள்ளன. இவ்விரு நகரங்களையும் இணைக்க அமைக்கப்பட்ட இலகு ரயில் நீட்டிப்பு, ஏரியில் மிதக்கும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் மீது செல்கிறது. மிதவைப் பாலத்தில் இலகு ரயில் தடம் அமைக்கப்பட்டது உலகில் இதுவே முதல்முறை. இதன் பொறியியல் வியப்பைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் பொறியாளர்கள் பணியைத் தொடங்கும் முன்பே தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது. அந்தப் பாலத்தில் எத்தனை தடங்கள் இருக்கலாம், அவற்றை யார் பயன்படுத்தலாம் என்று 1976ஆம் ஆண்டிலேயே ஆறு அரசு அமைப்புகள் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. அந்த ஒப்பந்தத்தைத் திருத்தாமல் திட்டமிட்ட வடிவில் ரயிலைக் கொண்டுவர வழியில்லை. அந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது, எவ்வாறு செய்யப்பட்டது, அதனால் எழுந்த வழக்குகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்புகளுக்கு இடையேயான ஒப்பந்தம்

ஒரு பெரிய ரயில் திட்டம் ஒரே துறையின் கையில் இருப்பதில்லை. நிலம் ஒரு துறைக்கும், சாலை இன்னொரு துறைக்கும், நகர எல்லை நகராட்சிக்கும் உரியதாக இருக்கும். ரயிலை இயக்குவது வேறோர் அமைப்பாக இருக்கும். எனவே யார் எதைக் கட்டுவது, செலவை யார் ஏற்பது, பயன்பாட்டில் யாருக்கு முன்னுரிமை என்பவற்றை எழுத்தில் வரையறுத்துக் கொள்கின்றனர். இதுவே அமைப்புகளுக்கு இடையேயான ஒப்பந்தம் எனப்படுகிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல மக்கள்தொகை, போக்குவரத்து, தொழில்நுட்பம் யாவும் மாறுகின்றன. அப்போது பழைய ஒப்பந்தத்தைக் கைவிட்டுப் புதிதாக எழுதாமல், தேவையான பகுதியை மட்டும் மாற்றுவது திருத்தம் ஆகும். மாற்றப்படாத பகுதிகள் முன்போலவே நடப்பில் இருக்கும். கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் மட்டும் தம் விருப்பப்படி திருத்திவிட முடியாது. மற்றவர்களின் இசைவும் வேண்டும்.

ஏரி, தீவு, பாலம்

வாஷிங்டன் ஏரி ஆழமானது. சில இடங்களில் ஆழம் 60 மீட்டருக்கும் மேல். அடித்தளம் மென்மையான சேறாக இருப்பதால் தூண்கள் ஊன்றிப் பாலம் கட்டுவது கடினம். எனவே உள்ளீடற்ற காங்கிரீட் மிதவைகளை வரிசையாக இணைத்து, நங்கூரக் கம்பிவடங்களால் கட்டி, அவற்றின் மீது சாலை அமைத்தனர். அவ்வாறு அமைந்த முதல் பாலம் 1940இல் திறக்கப்பட்டது. அதன் அருகில் இரண்டாவது மிதவைப் பாலம் 1989இல் திறக்கப்பட்டது. ஹோமர் எம். ஹாட்லி நினைவுப் பாலம் என்பது அதன் பெயர். இங்குள்ள மிதவைப் பாலங்கள் ஐ-90 எனப்படும் தேசிய நெடுஞ்சாலையைத் தாங்குகின்றன.

ஏரியின் நடுவே மெர்சர் தீவு உள்ளது. ஏறத்தாழ 25,000 மக்கள் வாழும் தனி நகராட்சி இது. இத்தீவிலிருந்து வெளியே செல்லும் ஒரே சாலை ஐ-90 தான். சியாட்டிலுக்குப் போனாலும் பெல்வியூவுக்குப் போனாலும் தீவு மக்கள் அதே நெடுஞ்சாலையில்தான் ஏற வேண்டும். பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் கொள்வது அவசியம்.

1976 ஒப்பந்தம்

ஐ-90 நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டம் 1970களின் தொடக்கத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்குகள் தொடரப்பட்டு, பணி நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. இந்நிலையில் சியாட்டில், மெர்சர் தீவு, பெல்வியூ ஆகிய மூன்று நகரங்களும், கிங் கவுண்டியும், அன்றைய வட்டாரப் பேருந்து அமைப்பான மெட்ரோவும், மாநில நெடுஞ்சாலை ஆணையமும் கூடிப் பேசி 1976 டிசம்பரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

1. சாலையில் மோட்டார் வாகனங்களுக்கு எட்டுத் தடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. அவற்றுள் ஆறு பொதுத் தடங்கள். நடுவில் உள்ள இரண்டும் பேருந்துகளுக்கும், பலர் சேர்ந்து செல்லும் கார்களுக்கும் உரியவை.

2. மெர்சர் தீவு மக்கள் அந்த நடுத்தடங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் முன்னுரிமை பொதுப் போக்குவரத்துக்கே.

3. நடுத்தடங்களைப் பிற்காலத்தில் ரயில் போன்ற நிலைத்தட அமைப்பாக மாற்ற இயலும் வகையில் சாலை வடிவமைக்கப்பட வேண்டும்.

4. சாலையின் கொள்ளளவிலோ இயக்கத்திலோ பெரிய மாற்றம் செய்வதாயின், மாநில ஆணையம் மற்ற அமைப்புகளைக் கலந்து பேச வேண்டும். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அவற்றின் இசைவையும் பெற வேண்டும்.

1978இல் கூட்டாட்சி அரசின் போக்குவரத்துச் செயலர் பிராக் ஆடம்ஸ் இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். நடுத்தடங்களில் பொதுப் போக்குவரத்துக்கு நிரந்தரமாக முதல் முன்னுரிமை இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

திருத்தம் ஏன் தேவைப்பட்டது?

ரயிலுக்கு 1976 ஒப்பந்தமே இடம் விட்டிருக்கிறதே, பிறகு ஏன் திருத்த வேண்டும் என்று கேட்கத் தோன்றும். விடை தடங்களின் கணக்கில் இருக்கிறது.

நடுவில் இருந்த இரண்டு தடங்களும் திசை மாறும் தடங்கள். காலையில் சியாட்டிலை நோக்கியும், மாலையில் கிழக்கு நோக்கியும் வாகனங்கள் அவற்றில் சென்றன. 1970களில் மக்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து சியாட்டிலுக்கு வேலைக்குச் சென்றதால் இந்த ஏற்பாடு பொருந்தியது. பின்னர் பெல்வியூவும், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உள்ள ரெட்மண்டும் வேலைவாய்ப்பு மையங்களாக வளர்ந்தன. இரு திசைகளிலும் நெரிசல் ஏற்பட்டது. ஆனால் எதிர்த்திசையில் சென்ற பேருந்துகளுக்குத் தனித் தடம் இல்லை. அவை மற்ற வாகனங்களோடு சேர்ந்து நெரிசலில் நின்றன.

இதற்குத் தீர்வாக ஆர்-8ஏ என்ற வடிவமைப்பு முன்வைக்கப்பட்டது. வெளிப்புறச் சாலைகளில் ஏற்கெனவே உள்ள தடங்களையும் ஓரப்பகுதியையும் சற்றுக் குறுக்கி, ஒவ்வொரு திசையிலும் ஒரு கூட்டுப்பயணத் தடத்தைச் சேர்ப்பது முதல் படி. பின்னர் நடுத்தடங்களை ரயிலுக்கு ஒதுக்குவது இறுதிப் படி.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். பழைய ஏற்பாட்டில் மூன்றும் மூன்றும் இரண்டும் சேர்ந்து எட்டுத் தடங்கள். ரயில் வந்த பின் திசைக்கு நான்காக மீண்டும் எட்டுத் தடங்கள், நடுவில் ரயில். தொடக்கமும் முடிவும் ஒப்பந்தத்தின் எல்லைக்குள் உள்ளன. ஆனால் புதிய தடங்கள் சேர்ந்து, நடுத்தடங்களும் திறந்திருக்கும் இடைக்காலத்தில் எண்ணிக்கை பத்தாகிவிடும். அது எட்டு என்ற வரம்பை மீறுவதாகும். மேலும் நடுத்தடங்கள் ரயிலுக்குப் போய்விட்டால், மெர்சர் தீவு மக்களுக்கு 1976இல் கிடைத்த சலுகை என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது.

2004 திருத்தம் கூறியவை

2004இல் பழைய ஒப்பந்தத்தின் தரப்புகள் திருத்தத்தில் கையொப்பமிட்டன. மெட்ரோ அமைப்பு இதற்குள் கிங் கவுண்டியுடன் இணைக்கப்பட்டிருந்தது. ரயிலைக் கட்டி இயக்கவிருந்த சவுண்ட் டிரான்சிட் என்ற வட்டாரப் போக்குவரத்து அமைப்பும் புதிய தரப்பாகச் சேர்ந்தது. 1976இல் இந்த அமைப்பே கிடையாது. திட்டத்தை நிறைவேற்றப் போகிறவரை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்ததும் இத்திருத்தத்தின் பயன்களுள் ஒன்று.

நடுத்தடங்களில் உயர்திறன் பொதுப் போக்குவரத்து அமைவதே சாலையின் இறுதி வடிவம் என்று திருத்தம் கூறியது. இலகு ரயிலும் அத்தகைய அமைப்புகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டது. வெளிப்புறக் கூட்டுப்பயணத் தடங்களை முதலில் அமைக்க வேண்டும் என்றும் வரிசை வகுக்கப்பட்டது.

மெர்சர் தீவுக்காகவும் ஒரு கூறு சேர்க்கப்பட்டது. தீவு மக்களின் போக்குவரத்து வசதி குறைவதாக ஆய்வுகள் காட்டினால், கூடுதல் பேருந்துச் சேவை, வாகன நிறுத்துமிடம் போன்ற ஈடுகளைக் கண்டறிந்து, நடுத்தடங்கள் ரயிலுக்கு மாறுவதற்கு முன்பே நிறைவான தீர்வு காண வேண்டும் என்பது அதன் பொருள்.

இக்கூறு நல்ல நோக்கம் கொண்டது. ஆனால் எவ்வளவு இழப்பு, எவ்வளவு ஈடு, நிறைவானது என்று யார் சொல்வது ஆகியவை அதில் வரையறுக்கப்படவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்த இடைவெளியில்தான் சிக்கல் எழுந்தது.

திருத்தத்துக்குப் பின் 2005இல், ரயிலின் எடைக்கு நிகராகச் சுமை ஏற்றிய வண்டிகளைப் பாலத்தில் ஓட்டிச் சோதித்தனர். பாலம் தாங்கும் என்று தெரிந்தது. 2008 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் வட்டார மக்கள் ரயில் நீட்டிப்புக்கான நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தனர். 2011இல் மாநிலப் போக்குவரத்துத் துறையும் சவுண்ட் டிரான்சிட்டும் நடுத்தடங்களை ஒப்படைப்பது குறித்துத் தனி ஒப்பந்தம் செய்துகொண்டன.

முதல் வழக்கு: சாலைப் பணம் ரயிலுக்கா?

வாஷிங்டன் மாநில அரசியலமைப்பில் 1944இல் சேர்க்கப்பட்ட ஒரு கூறு, எரிபொருள் வரிப் பணத்தை நெடுஞ்சாலைப் பணிகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தால் கட்டப்பட்ட தடங்களை ரயிலுக்குக் கொடுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று எதிர்ப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். மாநில உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. 2013இல் மற்றொரு வழக்கிலும் மாநில அரசின் பக்கம் தீர்ப்பு வழங்கியது. அத்தடங்கள் நெடுஞ்சாலைத் தேவைக்கு இனி வேண்டியதில்லை என்று முடிவு செய்து, அவற்றின் மதிப்பு நெடுஞ்சாலை நிதிக்கு ஈடு செய்யப்படும் நிலையில், குத்தகைக்கு விடுவது செல்லும் என்பது அதன் சாரம்.

பல அமைப்புகள் ஒருமனதாகக் கையொப்பமிட்டாலும் அவற்றின் ஒப்பந்தம் அரசியலமைப்பை மீற முடியாது என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

இரண்டாம் வழக்கு: தீவின் கேள்வி

நடுத்தடங்களை மூட 2017 ஜூன் மாதம் குறிக்கப்பட்டது. தனியாகக் கார் ஓட்டிச் செல்லும் மெர்சர் தீவு மக்கள் அதுவரை அந்தத் தடங்களில் செல்ல முடிந்தது. புதிய கூட்டுப்பயணத் தடங்களில் அதே சலுகை தொடரும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். கூட்டாட்சிச் சட்டப்படி அது இயலாது என்று கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2016இல் தெரிவித்தது. 

இதனால் 2017 பிப்ரவரியில் மெர்சர் தீவு நகராட்சி வழக்குத் தொடுத்தது. 2004 திருத்தத்தில் உறுதியளிக்கப்பட்ட ஈடு கிடைக்கும் முன் தடங்களை மூடக் கூடாது என்பது நகராட்சியின் வாதம். வெளியே செல்ல வேறு சாலை இல்லாத ஊருக்கு இது வெறும் சொல் வழக்கு அன்று. மறுபுறம், தடங்களை மூடுவது தள்ளிப்போனால் வாக்களித்த வட்டார மக்கள் அனைவருக்கும் ரயில் தாமதமாகும்.

அதே ஆண்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. வாகன நிறுத்துமிடம், நிலையம் வரை சென்று சேரும் வசதி, உள்ளூர்ச் சாலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்காக 1 கோடியே 50 ஆயிரம் டாலர் வரை தர சவுண்ட் டிரான்சிட் ஒப்புக்கொண்டது. நகராட்சி வழக்கைக் கைவிட்டது. ஜூன் மாதத்தில் நடுத்தடங்கள் மூடப்பட்டன. வெளிப்புறக் கூட்டுப்பயணத் தடங்கள் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தன. 2004இல் எழுதாமல் விட்ட தொகையை 2017இல் வழக்கின் அழுத்தத்தில் எழுத வேண்டியதாயிற்று.

கட்டுமானமும் திறப்பும்

ஏரியின் நீர்மட்டம் ஆண்டில் ஏறத்தாழ 60 செ.மீ. ஏறி இறங்கும். நிலையான பகுதியும் மிதக்கும் பகுதியும் சேரும் இடத்தில் அதற்கேற்பத் தடம் வளைந்து கொடுக்க வேண்டும். இதற்கெனத் தனி இணைப்புத் தடங்கள் வடிவமைக்கப்பட்டு, கொலராடோ மாநிலத்தில் உள்ள பியூப்ளோ ரயில் சோதனை மையத்தில் 2013இல் சோதிக்கப்பட்டன. பின்னர் தண்டவாளங்களைத் தாங்கும் காங்கிரீட் பீடங்களில் குறைகள் கண்டறியப்பட்டதால் பலவற்றை உடைத்து மீண்டும் கட்ட நேர்ந்தது. 2023இல் திறக்கத் திட்டமிட்டிருந்த தடம் தாமதமானது.

எனவே பாலத்துக்குக் கிழக்கே உள்ள பகுதி முதலில் திறக்கப்பட்டது. தெற்கு பெல்வியூ முதல் ரெட்மண்ட் டெக்னாலஜி நிலையம் வரை எட்டு நிலையங்கள் 2024 ஏப்ரல் 27 அன்றும், ரெட்மண்ட் நகர மையம் வரையான பகுதி 2025 மே 10 அன்றும் பயன்பாட்டுக்கு வந்தன. 2025 செப்டம்பரில் மிதவைப் பாலத்தின் மீது ரயில் மின்சக்தியில் இயங்கிச் சோதனை ஓட்டம் நடந்தது. ஏரியைக் கடக்கும் சேவைக்கு 2026 மார்ச் 28 தொடக்க நாளாக அறிவிக்கப்பட்டது.

ஒரு திருத்தத்தை எவ்வாறு படிப்பது?

எந்த ஊரின் ரயில் திட்டமானாலும், அதன் ஒப்பந்தத் திருத்தத்தைப் படிக்கும்போது கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்:

- பழைய ஒப்பந்தத்தின் எந்தக் கூறு மாறுகிறது, எது அப்படியே தொடர்கிறது?
- பணியைச் செய்யப்போகும் அமைப்பு கையொப்பமிட்டுள்ளதா?
- கையொப்பமிடாத மேல்நிலை அரசின் சட்டம் குறுக்கே நிற்குமா?
- மாற்றத்தால் இழப்பவர் யார்? அவருக்கான ஈடு தொகையாகவும் நாளாகவும் எழுதப்பட்டுள்ளதா?

2004 திருத்தம் முதல் இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை அளித்தது. அதனால்தான் ஏரியின் மீது தண்டவாளம் போட முடிந்தது. மூன்றாவது கேள்விக்கு நீதிமன்றமும் கூட்டாட்சி நிர்வாகமும் விடை சொல்ல வேண்டியிருந்தது. நான்காவதற்கு விடையை எழுதாமல் விட்டதால், தடங்களை மூடும் நேரத்தில் ஒரு சிறு தீவு வழக்குமன்றம் செல்ல நேர்ந்தது. இழப்பவருக்குத் தரவேண்டியதைக் கையொப்பமிடும் நாளிலேயே கணக்கிட்டு எழுதுவது, பிற்காலத்தில் வரும் வழக்கையும் தாமதத்தையும் குறைக்கும்.