தானாகவே அணைந்த கணினி: நான் செய்த தவறுகள்

2006-ஆம் ஆண்டு. நான் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறை மூலையில் ஒரு மேசைக் கணினி இருந்தது. பென்டியம் 4 செயலி, விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா மாதத் தவணையில் வாங்கியது. ஆண்டு நடுப்பகுதி விடுமுறையில் அது ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கியது: ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

“வைரஸ்தான்” என்று நான் முடிவு செய்தேன். அந்தக் காலத்தில் கணினிக்கு எது வந்தாலும் வைரஸ்தான். நண்பனிடம் குறுந்தட்டு வாங்கி வந்து, வன்தட்டை ஃபார்மட் செய்து, விண்டோஸை மறுபடியும் நிறுவத் தொடங்கினேன். பாதியிலேயே கணினி அணைந்தது. மீண்டும் தொடங்கினேன். மீண்டும் அணைந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பழைய மென்பொருள் எதுவுமே வன்தட்டில் இல்லாத நிலையிலும் அதே கோளாறு வருகிறது. அப்படியானால் காரணம் மென்பொருளாக இருக்க முடியாது. எனக்குத் தெரியாமலேயே நான் ஒரு நல்ல சோதனையைச் செய்து முடித்திருந்தேன். முடிவும் கண்ணெதிரே இருந்தது. அதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் நிறுவிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தடயமும் இருந்தது. மத்தியானத்தில் கணினி பத்து நிமிடம்கூடத் தாங்காது. இரவில் அரை மணி நேரம் ஓடும். அணைந்த உடனே திரும்ப முடுக்கினால் இரண்டே நிமிடத்தில் அணையும். ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் அதிக நேரம் ஓடும். வைரஸுக்கு வெயிலும் நிழலும் தெரியாது. இது வெப்பத்தின் வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ‘எப்போது போட்டேன், எத்தனை நிமிடம் ஓடியது’ என்று மூன்று நாள் எழுதி வைத்திருந்தாலே போதும், அட்டவணை உண்மையைச் சொல்லியிருக்கும்.

தாமதமாகத்தான் எனக்கும் அது சூடு என்று உறைத்தது. உடனே பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே விசிறியின் இதழ்களிலும் அதன் கீழே இருந்த அலுமினியக் குளிர்விப்பானிலும் தூசு பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. சரியான இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் நான் செய்த தவறுகள்தாம் எல்லாவற்றிலும் மோசமானவை.

முதலில் வீட்டுத் தூசு உறிஞ்சியை எடுத்து வந்தேன். காற்றும் தூசும் பிளாஸ்டிக் குழாயின் வாயில் வேகமாக உராயும்போது அங்கே நிலைமின்னூட்டம் சேர்கிறது. பலூனைத் தலைமுடியில் தேய்ப்பது போலத்தான். நம் விரலில் ‘சுருக்’ என்று உணர்வதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் தேவை. கணினியின் நுண்சில்லுகள் பலவற்றைக் கெடுக்கச் சில நூறு வோல்ட் போதும். அதாவது நாம் எதையும் உணராத நிலையிலேயே பாகம் பழுதாகிவிடலாம். நம் நாட்டின் ஈரப்பதம் மிகுந்த காற்றில் இந்த ஆபத்து குறைவுதான். ஆனால் குளிரூட்டி ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடும். அதனால் பாகங்களைத் தொடுவதற்கு முன் கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடலுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு நீங்கிவிடும்.

உறிஞ்சியின் காற்றில் விசிறி பம்பரம் போலச் சுற்றியது. எனக்கு ஒரே வேடிக்கை. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுழலும். அதையே நாம் சுழற்றினால் மின்சாரம் உண்டாகலாம். இயற்பியலில் இதை மின்காந்தத் தூண்டல் என்று படிப்பீர்கள். அப்படி உண்டாகும் மின்னோட்டம் தாய்ப்பலகைக்குள் தவறான வழியில் புகுந்து கேடு செய்யலாம். அளவுக்கு மீறிய வேகத்தில் விசிறியின் தாங்கியும் தேய்ந்துவிடும். தூசு தட்டும்போது விசிறியின் இதழை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்வது இதற்காகத்தான். மென்மையான தூரிகையும் கையால் அழுத்தும் ரப்பர் ஊதியும் போதும்.

பிறகு, நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற ஆர்வத்தில், செயலியின் மேல் இருந்த குளிர்விப்பானையே கழற்றினேன். அடியில் சாம்பல் நிறத்தில் காய்ந்துபோன ஏதோ ஒரு பசை. ‘அழுக்கு’ என்று நினைத்து வழித்துத் துடைத்தேன். குளிர்விப்பானைக் கழுவிக் காயவைத்து, பளபளவென்று திரும்பப் பொருத்தினேன்.

அது அழுக்கு அல்ல, வெப்பப் பசை. அது ஏன் தேவை? செயலியின் மேற்புறமும் குளிர்விப்பானின் அடிப்புறமும் கண்ணுக்கு மட்டும்தான் வழவழப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளம். ஒன்றன் மேல் ஒன்று வைக்கும்போது மேடுகள் மட்டுமே தொடும். பள்ளங்களில் காற்று தங்கிவிடும். காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. அலுமினியம் அதைவிட ஏறக்குறைய 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பசை அந்தப் பள்ளங்களை நிரப்பிக் காற்றை வெளியேற்றுகிறது. அன்றைய பென்டியம் 4, முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பின் அளவுக்கு வெப்பம் வெளியிடும். அவ்வளவும் விரல்நகம் அளவே உள்ள ஒரு சில்லிலிருந்து! அந்த வெப்பம் வெளியேறும் பாதையைத்தான் நான் துடைத்துச் சுத்தம் செய்திருந்தேன்.

‘அப்படியானால் நிறையப் பூசலாமே’ என்று தோன்றும். அதுவும் தவறு. பசை காற்றைவிட மேல். உலோகத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. தடிமனாகப் பூசினால் அதுவே தடையாகும். ஒரு சிறு பட்டாணி அளவு போதும். குளிர்விப்பானின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

எல்லாவற்றையும் மாட்டி முடுக்கினேன். திரை கறுப்பு. உள்ளிருந்து ‘பீப், பீப், பீப்’ என்று இடைவிடாத ஒலி. எனக்குக் கை நடுங்கியது. அந்த ஒலி உண்மையில் உதவிக் குரல். கணினி விழித்ததும் முதலில் தன் பாகங்களைத் தானே சோதிக்கும். திரையில் எழுத்தைக் காட்டக்கூட முடியாத கோளாறு என்றால், ஒலி மூலம் சொல்லும். எத்தனை முறை, எவ்வளவு நீளம் என்ற கணக்குக்குப் பொருள் உண்டு. அது தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை மாறும், கையேட்டில் இருக்கும். நான் கையேட்டைத் தேடவில்லை. அப்பாவைத் தேடினேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். “எத்தன எடத்துல கை வெச்ச, தம்பி?” என்று கேட்டார். எனக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் ரேம் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு முனையின் கொக்கி விழுந்தது. திரை உயிர் பெற்றது. தூசு தட்டும்போது என் கை பட்டு ரேம் இலேசாகக் கழன்றிருக்கிறது. ஒரு நிமிடத்தில் கணினி மீண்டும் அணைந்தது. அவர் குளிர்விப்பானைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பசை எங்கப்பா?” என்றார்.

கணக்குப் பாருங்கள். முதலில் இருந்தது ஒரே கோளாறு: தூசு. நான் கைவைத்த பிறகு பசை இல்லாத கோளாறு, ரேம் கழன்ற கோளாறு என்று மேலும் இரண்டு. ஒன்றின் அறிகுறி மற்றதை மறைத்தது. தொடக்கப்பள்ளி அறிவியலில் மாறிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்தவன்தான் நானும். தூசை மட்டும் தட்டிவிட்டு, மூடி, முடுக்கிப் பார்த்திருந்தால் கணினி அன்றே சரியாகியிருக்கும். இன்று நான் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் முதலில் கைப்பேசியில் படம் எடுக்கிறேன். ஒன்றை மாற்றியதும் முடுக்கிப் பார்க்கிறேன். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன்.

நல்லவேளையாக நான் செய்யாத தவறு ஒன்று உண்டு. பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது ஒரு வகைச் சராசரி. அதன் உச்ச மதிப்பு 230 × 1.414, ஏறக்குறைய 325 வோல்ட். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் அந்த அளவுக்கு மின்னேற்றம் பெறுகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அதைத் தாங்கி வைத்திருக்கலாம். அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பழுதானால் முழுதாக மாற்றுங்கள். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தாலும் அப்படித்தான். குத்தவோ அழுத்தவோ கூடாது. சார்ஜ் செய்வதையும் நிறுத்திவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கணினி சரியாகி வீட்டுக்கு வந்தது. அன்றிரவு அக்கா கேட்டார்: “என் கல்யாணப் படமெல்லாம் எங்கடா?”

முந்தைய ஆண்டு நடந்த திருமணம். படங்கள் அந்த வன்தட்டில் மட்டும்தான் இருந்தன. அதற்கு நான்கு மாதம் கழித்துப் பாட்டி காலமாகியிருந்தார். அவர் பட்டுச்சேலை கட்டிச் சிரித்தபடி இருந்த படங்கள் வேறெங்கும் இல்லை.

கடைக்காரரிடம் மறுபடியும் ஓடினோம். அன்றைய ஃபார்மட், தகவல்களை உண்மையில் அழிப்பதில்லை. நூலகத்தில் புத்தகங்களை அலமாரியிலேயே விட்டுவிட்டு, அட்டவணையை மட்டும் கிழித்தெறிவது போன்றது அது. எந்தக் கோப்பு எங்கே என்ற குறிப்பு போய்விடும். கோப்பு இருக்கும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை. நான் விண்டோஸை மூன்று முறை எழுதியிருந்தேன். மீட்பு மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டு ஏறக்குறைய பாதிப் படங்களை அவர் எடுத்துத் தந்தார். பாட்டியின் படம் ஒன்று கிடைத்தது. முகம் தெளிவாக இருக்கிறது. தோளுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். விண்டோஸின் ஏதோ ஒரு கோப்பு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டுகளில் அந்தப் பாதிகூடக் கிடைத்திருக்காது. அழிக்கப்பட்ட இடங்களை அடுத்த எழுத்துக்குத் தயாராக அவை தாமாகவே காலி செய்துவிடும், பல நேரங்களில் சில நிமிடங்களுக்குள். எனவே திருப்புளியைத் தேடுவதற்கு முன் ஒரு வெளி வட்டைத் தேடுங்கள். கணினி பத்து நிமிடம்தான் ஓடுகிறது என்றால், அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் படங்களை நகலெடுங்கள். சூடு ஆறட்டும், மறுபடியும் போட்டு மீதியை எடுங்கள். அன்று எனக்கும் அத்தனை பத்து நிமிடங்கள் இருந்தன.