தராசைப் பிடித்த கை

நடுவர் விரலை உயர்த்திவிட்டால், எவ்வளவு பெயர்பெற்ற ஆட்டக்காரனானாலும் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்பதே கிரிக்கெட்டின் அழகு. அந்தச் சமத்துவம் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் என்னவாகிறது என்பதற்கு 2013-ஆம் ஆண்டு ஐ.பி.எல். சூதாட்ட விவகாரமே சாட்சியம்.

அவ்வாண்டு மே மாதம் சூதாட்டப் புகாரில் கைதான ராஜஸ்தான் ராயல்ஸ் பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்துக்குச் செப்டம்பரிலேயே கிரிக்கெட் வாரியம் ஆயுட்காலத் தடை விதித்தது. அதே மே மாதத்தில் பந்தயம் கட்டியதாகக் கைதான சென்னை சூப்பர் கிங்ஸ் தரப்பைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பனோ, அப்போதைய வாரியத் தலைவர் என். சீனிவாசனின் மருமகன்; அணிக்கு அன்று உரிமை பூண்டிருந்த இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநரும் சீனிவாசனே. உரிமையாளர் தரப்பை விசாரிக்க வாரியம் அமைத்த இருவர் குழு குற்றம் ஏதும் காணவில்லை. அக்குழுவை அமைத்ததே சட்டவிரோதம் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். குருநாத் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்று சொல்லப்பட்டதையும், அவர் அணியின் நிர்வாகியே என்று உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு மறுக்க வேண்டியிருந்தது.

சீனிவாசன் குற்றத்தை மூடிமறைத்தார் என்பது நிரூபணமாகவில்லை என 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் சொல்லிவிடுவதே நியாயம். என் மனத்தை உறுத்துவது மனிதரல்ல, விதி. வாரிய நிர்வாகிகள் வாரியப் போட்டிகளில் வர்த்தக லாபம் பெறலாகாது என்றிருந்த 6.2.4-ஆம் விதியை, 2008-இல் ஐ.பி.எல்.லுக்கு விலக்களித்துத் திருத்தினார்கள். அத்திருத்தம் செல்லாது என்று அதே தீர்ப்பு ஆணையிடும்வரை, தண்டிக்கும் அதிகாரமும் தண்டனைக்கு உட்பட வேண்டிய சொத்தும் ஒரே வீட்டில் வாசம் செய்தன. ஆட்டக்காரனுடைய சௌகரியத்துக்காக இப்படி எந்த விதியை எவர் வளைத்தார்கள்?

2015 ஜூலை 14 அன்று, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, குருநாத்தையும் ராஜஸ்தான் அணியின் இணை உரிமையாளர் ராஜ் குந்த்ராவையும் கிரிக்கெட்டிலிருந்து ஆயுள் முழுதும் விலக்கி, இரு அணிகளையும் ஈராண்டு இடைநிறுத்தியது. உரிமையாளர் தரப்புக்கான இந்தத் தண்டனைக்கு நீதிமன்றமே வழிசெய்ய வேண்டியிருந்தது. அதன் சுமையிலும் ஒரு பங்கு, ஒரு பாவமும் அறியாமல் புனே, குஜராத் அணிகளுக்குச் சிதறிய ஆட்டக்காரர்கள்மீதும், சேப்பாக்கத்தின் ரசிகர்கள்மீதும் விழுந்தது.

பதினொரு நாள் கழித்துக் குற்றவழக்கிலிருந்து ஸ்ரீசாந்தை தில்லி நீதிமன்றம் விடுவித்தபோதும் வாரியத்தின் தடை நீங்கவில்லை. ஒழுங்கு விசாரணை வேறு, குற்றவழக்கு வேறு என்பது சட்டப்படி சரியே. அவர் நிரபராதி என்று நான் வாதிடவும் இல்லை. தண்டனையின் அளவை மறுபரிசீலனை செய்யுமாறு 2019-இல் உச்ச நீதிமன்றம் பணித்த பிறகே, ஆயுட்காலம் ஏழாண்டாகச் சுருங்கியது.

2018-இல் மீண்டு வந்த சென்னை அணி அவ்வாண்டே கோப்பையை வென்றது. 30 வயதில் தடைக்குள்ளான ஸ்ரீசாந்துக்கு, 2020 செப்டம்பரில் தடை முடிந்தபோது வயது 37.