பழைய ராணுவத் தோட்டா: மலிவு உண்டு, பொறுப்பேற்க ஆள் உண்டா?

அமெரிக்காவின் 'கன் ஷோ' எனப்படும் துப்பாக்கிச் சந்தைகளில் மேசைக்கு மேசை பழைய ராணுவச் சரக்கு குவிந்து கிடக்கும். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் கூடுவது இவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 440 தோட்டாக்களை அடைத்து மூடிய சோவியத் தகர டப்பா, ஜெர்மனியின் 8 மி.மீ. மவுசர், பிரிட்டனின் .303 எல்லாம் கிடைக்கும். சில .303 தோட்டாக்களின் அடியில் 'கேஎஃப்' என்று பொறித்திருக்கும். அவை புனேக்கு அருகே கட்கியில் செய்யப்பட்டு, கடல் தாண்டிப் போனவை.

வாங்குவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி சரிதான். ரைபிள் தோட்டாவை உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். தோட்டா மட்டும் விற்பவருக்கு 1986க்குப் பிறகு மத்திய உரிமமே தேவையில்லை. வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கவும் மத்திய சட்டம் சொல்லவில்லை. மாநிலச் சட்டம் வேறு. இல்லினாய்ஸில் அடையாள அட்டை கேட்பார்கள். நியூயார்க்கில் 2023 முதல் பின்னணிச் சோதனை உண்டு.

அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போன நம்மவர்களில் பலர் கோட்டை விடுவது வேறோர் இடத்தில். எச்-1பி, எஃப்-1, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். ஒரே ஒரு தோட்டா போதும். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பின் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. நாடு கடத்தலும் பின்னாலேயே வரலாம். முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்; நண்பர் சொன்னார் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

தகுதி இருந்து வாங்கினால், அடுத்த கேள்வி: சரக்கு கெட்டிருந்தால் யாரைக் கேட்பது? பொம்மைக்கும் மின்விசிறிக்கும் பாதுகாப்பு விதி போடும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், துப்பாக்கி, தோட்டா இரண்டையும் தொடவே முடியாது. சட்டமே அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. ஆபத்தான தோட்டாவைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட அந்த ஆணையத்தால் இயலாது. தொழில்முறை வியாபாரியிடம் வாங்கினால், பொருள் அதன் வேலைக்கு உதவ வேண்டும் என்ற எழுதப்படாத உத்தரவாதம் மாநில வணிகச் சட்டத்தில் பொதுவாக உண்டு. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி விற்றால் அதுவும் போய்விடும். வீட்டில் கிடந்ததை மேசை போட்டு விற்கும் தனிநபரிடம் அந்த உத்தரவாதம் முதலிலிருந்தே கிடையாது. துப்பாக்கித் தொழிலை வழக்குகளிலிருந்து காக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டம்கூட, பொருளின் குறைபாட்டால் காயம்பட்டவரின் வழக்குரிமையை முழுதாகப் பறிக்கவில்லை; ஆனால் உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டுமே. விற்பவர் பெயரோடு ரசீது கேளுங்கள், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். டப்பாவின் எழுத்துகளையும் தோட்டாவின் அடியில் உள்ள பொறிப்பையும் படமெடுங்கள். அந்தப் பொறிப்பில்தான் பெரும்பாலும் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் இருக்கும். டப்பாவில் ஓர் ஆண்டு, தோட்டாவில் வேறோர் ஆண்டு என்றால் யாரோ கலந்து கட்டியிருக்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

தோட்டாவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்துப் பகுதியில், மயிரிழை போல நெடுக்கில் ஒரு கோடு தெரிந்தால் அது கீறலாக இல்லாமல் பித்தளையின் விரிசலாக இருக்கலாம். இந்த நோய் முதலில் கண்ணில் பட்டது இந்தியாவில்தான். பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், ஈரமும், உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-ல்தான் தெளிவானது. டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுள்ளென்று தாக்கும் அமில நெடி வந்தால் உள்ளே மருந்து சிதைகிறது என்று பொருள். அதையும் வாங்காதீர்கள். குண்டின் நுனியில் வண்ணம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை. அமெரிக்க ராணுவத்தில் கறுப்பு என்றால் கவசம் துளைப்பது, ஆரஞ்சு என்றால் ஒளிக்கோடு இழுப்பது. வேறு நாட்டில் அதே நிறத்துக்கு வேறு பொருள். ஒளிக்கோடு குண்டு கலிபோர்னியாவில் சட்டவிரோதம். காந்தம் ஒட்டும் குண்டைப் பல ரேஞ்சுகளில், அதாவது சுடும் பயிற்சித் திடல்களில், அனுமதிப்பதில்லை, பொறி பறந்து காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் என்பதால்.

நல்ல தோட்டாவும் துப்பாக்கியைக் கெடுக்கும். மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட், சுட்டதும் உப்பாகிக் குழலுக்குள் படிகிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஹூஸ்டன் மாதிரிப் புழுக்கமான ஊரில் துருப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. சாதாரணத் துப்பாக்கி எண்ணெயில் இந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் போட வேண்டும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம்தான் இதற்கு மருந்து என்று மேசைக்காரர் அடித்துச் சொல்வார். அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான். 'அரிக்காத சரக்கு' என்ற அவருடைய சத்தியத்தையும் இதே கணக்கில் வையுங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பழைய பிரைமர் தாமதமாக வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தைவிட மெல்லிசாகக் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே பிளக்கும். வெடிக்காததைக் குப்பையில் போடாதீர்கள். ரேஞ்சிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ கேட்டால் ஒப்படைக்க வழி சொல்வார்கள்.

நினைவுப் பொருளாக ஒன்றை ஊருக்கு எடுத்து வரும் ஆசை சிலருக்கு. இந்தியாவில் உரிமமில்லாமல் உயிருள்ள தோட்டா ஒன்று பையில் அகப்பட்டாலும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் கிடந்தது என்று காட்டி, உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை ரத்து செய்துகொண்ட பயணிகள் உண்டு. அதற்குள் பயணம் தவறி, மாதக்கணக்கில் அலைந்திருப்பார்கள். ரேஞ்சுக்குத் தூக்கிப் போகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பையறையையும் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டுத் துணியை அடுக்குங்கள்.